தண்ணீர் மட்டும் ஊற்றச் சொன்ன வாளி

"இருபது மீட்டர் பால் லாரியை ஒரு கோணல் இல்லாம ரிவர்ஸ்ல கொண்டுபோய் நிறுத்துறவனுக்கு—"

"மெரேனா, நான் சொல்றதக் கொஞ்சம்—"

"—ஒரு வாளி தெரியல! ஒரே ஒரு வாளி!"

"தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் நாலு சக்கர பைக்கை ஒதுக்கினேன். பின்னாடி கட்டியிருந்த டிரெய்லர்தான் ஒதுங்கல."

"ஓஹோ, டிரெய்லர் தானா வந்து இடிச்சுதாக்கும். அதுக்குத் தனி லைசென்ஸ் இருக்கா?"

"மெதுவாப் பேசு, கன்னுக்குட்டிங்க மிரளுது."

"அதுங்க என்னைப் பாத்து மிரளல. உன்னைப் பாத்துத்தான். அடுத்தது நாமதானோன்னு!"

கொட்டகை வாசலில் வாளி சாய்ந்து கிடந்தது. பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். செடி வேரோடு வெளியே வந்து, மூன்று தண்டுகளில் ஒன்று முறிந்து, மண் பூராவும் சிமெண்டுத் தரையில் சிதறியிருந்தது. ரோவன் முழங்கால் போட்டு உட்கார்ந்து மண்ணைக் கையால் கூட்டிக்கொண்டிருந்தான். வலது காலில் முழங்கால் வரைக்கும் ஏறிய கறுப்பு ரப்பர்க் கம்பூட்ஸ், இடது காலில் ஓட்டை விழுந்த பழைய பச்சைக் கம்பூட்ஸ். கறுப்பின் ஜோடி ரெண்டு வாரமாகக் காணோம். பக்கத்துப் பண்ணை நாய்தான் கவ்விக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று, அந்த நாயைக் காணும்போதெல்லாம் முறைத்துக்கொண்டிருந்தான்.

வாளி மெரேனாவின் மகள் மைரேயுடையது. ஆறு வயது. பள்ளியில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் பதினாறு பேருக்கும் ஆளுக்கொரு வாளி, ஆளுக்கொரு உருளை விதைக்கிழங்கு. செப்டம்பரில் வகுப்பிலேயே மண் போட்டு, நட்டு, வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். வருகிற வெள்ளிக்கிழமை எல்லா வாளிகளும் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகும். தார்ப்பாயில் கவிழ்த்து, யார் வாளியில் எவ்வளவு கிழங்கு விளைந்தது என்று எடை போடுவார்கள். தரனாக்கி மலையடிவாரத்துப் பள்ளிகளில் இது வருஷா வருஷம் நடப்பதுதான். ரோவனே ஒரு காலத்தில் வாளி சுமந்து போனவன்.

அதெல்லாம் சரி. வாளி உடைந்தது பெரிய விஷயமில்லை. உடைத்தவன் ரோவன் என்பதுதான் விஷயம்.

மெரேனாவோடும் மைரேயோடும் ரோவன் ஒரே வீட்டில் குடியிருக்கத் தொடங்கி எட்டு மாதம். இந்த எட்டு மாதத்தில் அந்தப் பெண் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாமா கிடையாது, ரோவன் கிடையாது, ஏய் கூடக் கிடையாது. உப்பு அவன் கைக்குப் பக்கத்தில் இருந்தால், "அம்மா, உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்பாள். அவன் தள்ளுவான். "அம்மா, தேங்க்ஸ் சொல்லிடு" என்பாள். மெரேனா சிரிப்பாள். ரோவனும் சிரிப்பான். சிரித்துவிட்டு வெளியே போய்க் கன்றுக்குட்டிகளோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருப்பான்.

நேற்று சாயங்காலம் மைரேயின் அப்பா அவளை வார இறுதிக்குக் கூட்டிப்போக வந்திருந்தார். காரில் ஏறி, பெல்ட் போட்டுக்கொண்ட பிறகு, கண்ணாடியை இறக்கி, முதல் தடவையாக நேரே ரோவனைப் பார்த்துச் சொன்னாள்:

"காலையில ஒரு டம்ளர். சாயங்காலம் ஒரு டம்ளர். இலை மேல ஊத்தாதே."

"சரி" என்றான் ரோவன்.

"வேற எதுவும் செய்யாதே. தண்ணி மட்டும்."

"தண்ணி மட்டும்."

கார் போன பிறகும் அவன் வாசலிலேயே நின்றான். "என்னய்யா, பதக்கம் குத்தின மாதிரி நிக்கிறே?" என்று மெரேனா கேட்டாள். அவனுக்கு நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. பதக்கம் குத்தி முழுசாக ஒரு நாள் ஆகவில்லை. அதற்குள் டிரெய்லர்.

"சரி விடு" என்றாள் மெரேனா, குரலை இறக்கி. "நாளைக்கு வந்ததும் சொல்லிடு. நான்தான் இடிச்சேன், மன்னிச்சுக்கோன்னு. அழுவா. அப்புறம் சரியாயிடுவா. வாளியைக் கம்பி போட்டுக் கட்டு, மண்ணை அள்ளிப் போடு, கிழங்கெல்லாம் பொறுக்கி உள்ள வை."

"அதுதான் பிரச்சனை."

"என்ன பிரச்சனை?"

"கிழங்கே இல்ல."

"நல்லாப் பாரு."

"மூணு தடவை சலிச்சுட்டேன். விதைக்கிழங்கு மட்டும் கறுப்பா அழுகிக் கிடக்கு. வேற ஒண்ணுமில்ல. ஒரு கோலிக்குண்டு அளவுக்குக்கூட இல்ல."

மெரேனாவும் உட்கார்ந்து மண்ணில் கை விட்டாள். விரலால் அளைந்தாள். வேர், மண்புழு, யாரோ போட்ட சிப்பி. அவ்வளவுதான்.

"இவ்வளவு நல்லா இலை விட்டிருக்கே" என்றாள்.

"இலைதான் விட்டிருக்கு."

இருவரும் அந்தச் செடியைப் பார்த்தார்கள். மூன்று மாதம் தினமும் பள்ளிக்குக் கிளம்புமுன் அதற்குக் குட்மார்னிங் சொல்லிவிட்டுப் போனாள் மைரே. வகுப்பில் பிள்ளைகள் வேறு எதையெதையோகூட வளர்த்தார்கள்தான். பஞ்சில் கடுகு, பாட்டிலில் பீன்ஸ், பழைய காலுறையில் மரத்தூள் அடைத்துப் புல் விதை போட்ட தலை. அந்தத் தலை இந்த வீட்டுச் சமையலறை ஜன்னலிலும் உட்கார்ந்திருக்கிறது. பொத்தான் கண். காதோரம் ரெண்டு பக்கமும் புல் நன்றாக வந்தது, நடு மண்டையில் வரவில்லை. "அச்சு அசல் நீதான்யா" என்று மெரேனா ரோவனின் வழுக்கையைத் தட்டிச் சிரித்தாள். மைரே மட்டும் சிரிக்கவில்லை. தலையையும் ரோவனையும் மாறி மாறிப் பார்த்தாள். மறுநாளிலிருந்து நடு மண்டைக்குத் தனியாக ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு வந்தாள்.

"வெள்ளிக்கிழமை பதினஞ்சு பிள்ளைங்க வாளியைக் கவுத்தா கிழங்கு கொட்டும்" என்றான் ரோவன். "இவ வாளியில மண்ணு மட்டும் கொட்டும். எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டுமே. எல்லா வருஷமும் யாருக்காவது ஒண்ணுமில்லாம போகும்."

"அந்த யாரோ ஒருத்தனா நான் இருந்திருக்கேன். ஏழு வயசுல. இன்னும் ஞாபகம் இருக்கு."

மெரேனா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "ரோவன். நீ என்ன யோசிக்கிறேன்னு எனக்குத் தெரியுது. வேணாம்."

"நான் ஒண்ணும் யோசிக்கல."

"காது சிவக்குது."

"வெயில்."

"ஆறு வயசுப் பிள்ளைங்க போட்டியில தில்லுமுல்லு பண்ணப் போறியா?"

"ஜெயிக்கவா செய்யறேன்? நடுவுல எங்கேயாவது வந்தா போதும். வெறுங்கையோட நிக்காம இருந்தா போதும்."

"தண்ணி மட்டும்னு சொல்லிட்டுப் போனா."

அது ரோவனுக்கு மறக்கவில்லை. ஆனாலும் போனான்.

ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் சாலையோரமாக ஒரு தகரக் கூரை. அதன்கீழே யாரோ காய்கறி வைத்துவிட்டுப் போவார்கள். ஆள் கிடையாது. எடுத்துக்கொண்டு, நம்மை நம்பி வைத்த தகர டப்பாவில் காசைப் போட்டுவிட்டு வரவேண்டும். ரோவன் காசை டப்பாவில் போடும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஊரே நேர்மைக்குப் பழகிய இடத்தில் நின்றுகொண்டு, ஏமாற்றுவதற்குக் கிழங்கு பொறுக்கினான். பெரிசாக ஒன்றையும் எடுக்கவில்லை. வெள்ளைத்தோல், உருண்டை, புதுசு. ஒன்பது. எட்டாக இருந்தது, ரொம்பக் கஞ்சத்தனமாகத் தோன்றி ஒன்றைச் சேர்த்தான். வீட்டுக்கு வந்து வாளியைக் கம்பியால் கட்டி, பாதி மண் போட்டு, கிழங்கை அங்கங்கே சொருகி, செடியை நிறுத்தி, மீதி மண்ணை மூடினான். ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினான். இலை மேல் ஊற்றவில்லை.

ஞாயிறு சாயங்காலம் மைரே காரிலிருந்து இறங்கியதும் நேரே கொட்டகைக்கு ஓடினாள். ரோவன் அங்கே காத்திருந்தான்.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றான். "நேத்து காலையில டிரெய்லர் இடிச்சு உன் வாளி சாஞ்சுடுச்சு. என் தப்புதான். மன்னிச்சுக்கோ."

அவள் கம்பிக் கட்டைப் பார்த்தாள். முறிந்த தண்டைத் தொட்டாள். அழவில்லை. திரும்பி அவனைப் பார்த்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

"மண்ணு கொட்டிடுச்சா?"

"கொட்டிடுச்சு."

"எல்லாமேவா?"

"எல்லாமே. திரும்ப அள்ளிப் போட்டுட்டேன்."

"உள்ள பாத்தியா?"

ரோவன் கம்பி முடிச்சை இறுக்கினான். "பாக்கல. அவசரமா அள்ளிப் போட்டேன்."

மைரே நெடுமூச்சு விட்டாள். கோபத்தில் விட்ட மூச்சு என்று அவன் நினைத்தான். அவள் வீட்டுக்குள் போய்விட்டாள். ஒரு நிமிஷம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது: "அம்மா, பரவாயில்லன்னு சொல்லிடு."

அந்த வாரம் முழுக்க வீட்டில் ஏதோ சரியில்லை. மெரேனா பாத்திரம் கழுவும்போது தேவைக்கு மேல் சத்தம் போட்டாள். மைரே சாப்பிடும்போது நடுவில் நிறுத்தி நிறுத்தி யோசித்தாள்.

செவ்வாய்க்கிழமை கேட்டாள்: "அம்மா, வாளியில ஒண்ணுமே விளையலன்னா டீச்சர் திட்டுவாங்களா?"

ரோவன் கையிலிருந்த முட்கரண்டி தட்டில் விழுந்தது.

"ஏன் கேக்கறே குட்டி?" என்றாள் மெரேனா, மகளைப் பார்த்து அல்ல, ரோவனைப் பார்த்து.

"சும்மாதான்."

"விளைஞ்சிருக்கும்" என்றான் ரோவன். "நிச்சயமா விளைஞ்சிருக்கும். எனக்கு நம்பிக்கை இருக்கு."

மைரே அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். வியாழக்கிழமை காலையில் வயிற்று வலி என்றாள். காய்ச்சல் பார்த்ததில் ஒன்றுமில்லை. "நாளைக்கும் வலிக்கும்" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை வலித்தது. ஆனாலும் போகத்தான் வேண்டியிருந்தது.

பள்ளி மைதானத்து மரத்தடியில் நீலத் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். மரக்கிளையில் மீன் நிறுக்கிற கொக்கித் தராசு தொங்கியது. ஒரு ஓரத்தில் கேஸ் அடுப்பு, அதன்மேல் பெரிய பானையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு டப்பா வெண்ணெய். பெற்றோர்கள் கம்பூட்ஸும் தொப்பியுமாகப் பண்ணை வேலையிலிருந்து நேரே வந்து நின்றார்கள். ரோவனும் ஒரு கால் கறுப்பு, ஒரு கால் பச்சையுமாக மெரேனா பக்கத்தில் நின்றான்.

"முதல்ல ஆர்ச்சி!" என்று மிஸஸ் ஹாஸ்கின் கூப்பிட்டார். சின்ன வகுப்பு டீச்சர். ஒரு தடவை கூப்பிட்டால் ரெண்டு பண்ணை தாண்டிக் கேட்கும்.

ஆர்ச்சி வாளியைக் கவிழ்த்தான். மண் சரிந்தது. மண்ணுக்குள்ளிருந்து நீள நீளமாக, முடிச்சு முடிச்சாக, கத்தரிக்காய் நிறத்தில் ஊதாக் கிழங்குகள் உருண்டு வந்தன.

ரோவன் கண்ணைக் கசக்கிக்கொண்டான்.

"மெரேனா."

"ம்."

"அவன் கிழங்குக்கு ஏதோ நோய்."

"அடுத்தது!" என்றார் டீச்சர். அடுத்த வாளியும் கவிழ்ந்தது. ஊதா. அதற்கடுத்ததும் ஊதா.

"மெரேனா. எல்லாம் ஊதாவா இருக்கு."

மெரேனா பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "ஏன் இருக்காது? இந்த வருஷம் மராயே ஊர்மன்றத்துல இருந்து பழைய ஊதாக் கிழங்கு விதை குடுத்திருக்காங்களாம். வாளிக்கு வாளி அதுதான். நோட்டீஸ் ஃப்ரிட்ஜ்ல மூணு மாசமா ஒட்டியிருக்கு."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். நீ என்ன நிறத்துல வாங்கினே?"

அவன் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. மெரேனா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வெள்ளையா?" என்றாள் விரலிடுக்கில். "அட மடையா, வெள்ளையா?"

"எப்பவும் வெள்ளைதானே குடுப்பாங்க! நான் படிச்சப்போ—"

"நீ படிச்சப்போ மயிர் இருந்துச்சு!"

"என்ன செய்யறது? போய் வாளியைத் தூக்கிட்டு ஓடிடட்டுமா?"

"எத்தனை?"

"ஒன்பது."

"ஒன்பது! கருணைதான்யா உனக்கு!"

"மைரே!" என்று டீச்சரின் குரல் வந்தது.

மைரே வாளியை ரெண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு தார்ப்பாய் ஓரத்தில் நின்றாள். நகரவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"வாம்மா. கவுத்துடு."

"டீச்சர், என் வாளி உடைஞ்சிருக்கு. இதைப் போட்டியில சேக்க வேணாம்."

"வாளி உடைஞ்சா என்ன, கிழங்கா உடைஞ்சது? கவுத்து."

"இல்ல டீச்சர், வேணாம்."

ரோவன் ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தான். அதற்குள் பக்கத்தில் நின்ற ஆர்ச்சி, உதவுகிற நல்ல எண்ணத்தில், வாளியின் அடியைப் பிடித்துத் தூக்கிவிட்டான்.

மண் கொட்டியது. மைரே கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். கிழங்கு விழுகிற சத்தம் கேட்டு ஒரு கண்ணைத் திறந்தாள். வெள்ளை வெளேரென்று, உருண்டையாக, பளபளவென்று ஒன்பது கிழங்குகள்.

பானை கொதிக்கிற சத்தம் மட்டும்.

"அது கடைக் கிழங்கு" என்றான் ஆர்ச்சி.

பின்னாலிருந்து யாரோ ஒரு அப்பா சிரித்தார், அவர் மனைவி இடித்ததும் நிறுத்தினார். மிஸஸ் ஹாஸ்கின் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு கிழங்கையும் மைரேயையும் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் எல்லாரையும்விட அதிகமாகத் திகைத்து நின்றது மைரேதான். ஒரு கிழங்கைக் கையிலெடுத்து, மந்திரவாதி காட்டிய புறாவைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மைரே, இது எப்படி—" என்று டீச்சர் ஆரம்பித்தார்.

"அவளுக்குத் தெரியாது" என்றான் ரோவன். தார்ப்பாய் நடுவில் வந்து நின்றிருந்தான். காது ரெண்டும் நெருப்பு. "நான்தான் வச்சேன். டிரெய்லரால இடிச்சுக் கவுத்துட்டேன். மண்ணைத் தேடிப் பாத்தேன், உள்ள ஒண்ணுமே இல்ல. அவ வெறும் மண்ணைக் கவுத்துட்டு நிக்க வேணாமேன்னு... ஊதான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் செஞ்சிருக்கக் கூடாது. அவ தண்ணி மட்டும்தான் ஊத்தச் சொன்னா."

இவ்வளவு நீளமாக அந்த ஊரில் அவன் ஒருநாளும் பேசியதில்லை. பேசி முடித்து மைரே பக்கம் திரும்பினான். அவளைத்தான் பார்க்க முடியவில்லை, அவள் காலணியைப் பார்த்தான்.

"மூணாம் விதி" என்றார் மிஸஸ் ஹாஸ்கின், குரலில் சிரிப்பைக் கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டு. "வாளியில விளைஞ்சதுக்கு மட்டும்தான் எடை. அதனால மைரேக்குப் பூஜ்யம்னு எழுதறேன். மன்னிச்சுக்கோ கண்ணு."

"பூஜ்யம்தான் டீச்சர்" என்றாள் மைரே. "சரியா இருக்கு."

அவள் குரலில் வருத்தம் இல்லை. ரோவனை மட்டும், கண்ணைச் சுருக்கி, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எடை போட்டு முடிந்ததும் கிழங்கையெல்லாம் கழுவிப் பானையில் போட்டார்கள். அதுதான் வழக்கம். வெண்ணெயும் உப்பும் புதினாவும் போட்டுப் பிள்ளைகள் அங்கேயே தின்று தீர்ப்பார்கள். மைரே ஒன்றையும் தொடவில்லை. பானைக்குள் ஊதாக் கிழங்குகள் போவதைத் தள்ளி நின்று, உதட்டை மடித்துக்கொண்டு பார்த்தாள். ஆர்ச்சி வாய் நிறைய வைத்துக்கொண்டு, வெள்ளைக் கிழங்குதான் ருசி என்று தீர்ப்பு சொன்னான்.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் மைரே இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். ரோவன் ஓட்டினான். பாலம் வந்தது.

"ஒண்ணுமே இல்லன்னு பாத்தியா?" என்றாள் மைரே. அம்மாவிடம் அல்ல.

"பாத்தேன்."

"பாக்கலன்னு சொன்னே."

"பொய் சொன்னேன்."

தகரக் கூரை, காய்கறி, டப்பா எல்லாம் ஜன்னலில் கடந்து போயின. ரோவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"நானும் ஒரு பொய் சொன்னேன்" என்றாள் மைரே. "சொல்லல. ஆனா மனசுல சொன்னேன். என்னோடது பெருசா, உன்னோடது பெருசான்னு தெரியல."

"என்ன பொய் குட்டி?" என்றாள் மெரேனா.

"வாங்க, காட்டறேன்."

வீட்டுக்குப் பின்னால், மழைத்தண்ணீர்த் தொட்டிக்கும் வேலிப் புதருக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையக்கூடிய சந்து. மைரே முன்னால் போனாள். மெரேனா போனாள். ரோவன் வயிற்றை எக்கிக்கொண்டு போனான்.

அங்கே வரிசையாக ஐஸ்கிரீம் டப்பாக்கள். மூக்கு உடைந்த டீப்பானை. மெரேனா தேடித் தேடி அலுத்துவிட்ட கேக் அச்சு. எல்லாவற்றிலும் மண். ஒவ்வொன்றிலும் ஒரு ஐஸ் குச்சி.

"பதினொண்ணு" என்றாள் மைரே. "என் வாளியில பதினொண்ணு இருந்துச்சு. கையை விட்டு ஒவ்வொண்ணா எடுத்தேன். செடி சாயாம."

"செடி நிக்க, அடியில உருவுறது!" என்று ரோவன் தன்னை மறந்து கத்தினான். "நான் சின்னப் பையனா இருந்தப்போ பக்கத்துத் தோட்டத்துல இதேதான்—" மெரேனா பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான்.

"ஏன்டி எடுத்தே?"

"எடை போட்டதும் பானையில போடுவோம்னு டீச்சர் சொன்னாங்க." குரல் லேசாக நடுங்கியது. "நான் தினமும் குட்மார்னிங் சொன்னேன். அதுங்களைத் தின்ன விடுவேனா? ஒண்ணு நட்டா பதினொண்ணு வரும். பதினொண்ணையும் நட்டா எவ்வளவு வரும்னு கேட்டேன். டீச்சர் கரும்பலகையில போட்டுக் காட்டினாங்க. நூத்தி இருபத்தி ஒண்ணு." மூச்சு வாங்கினாள். "அப்புறம் வாளி சாஞ்சுதுன்னு சொன்னியா. வாளி காலின்னு நீ கண்டுபிடிச்சிருப்பியோன்னு பயந்துட்டேன். நீ பாக்கலன்னு சொன்னே. அப்புறம் விளைஞ்சிருக்கும், நம்பிக்கை இருக்குன்னு வேற சொன்னே. பாவமா இருந்துச்சு."

மெரேனா தொட்டியில் சாய்ந்துகொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று ரோவனுக்குத் தெரியவில்லை. ரெண்டும்தான்.

"ஆனா ஒண்ணுகூட முளைக்கல" என்றாள் மைரே. "தினமும் தோண்டிப் பாக்கறேன். செத்துப் போச்சா?"

"சாகல குட்டி" என்றாள் மெரேனா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "புதுக் கிழங்கு உடனே முளைக்காது. கொஞ்ச மாசம் தூங்கணும். நீ தினமும் எழுப்பினா அது எப்படித் தூங்கும்?"

மைரே அதை யோசித்தாள். அவள் முகத்தில் பழைய குற்றங்கள் பலதும் வந்து போயின.

ரோவன் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தான். குச்சிகளில் படம் வரைந்திருந்தது. ஒன்றில் நீள முடியுள்ள அம்மா. ஒன்றில் காரோடு அப்பா. ஒன்றில் கண்ணாடி போட்ட டீச்சர். வரிசையின் கடைசியில், மற்றவற்றைவிட உயரமாக, வாய் வரைக்கும் மண் நிரம்பி, ஒரு கறுப்புக் கம்பூட்ஸ்.

"அந்த நாய்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்" என்றான் ரோவன் மெல்ல.

குனிந்து அதன் குச்சியைப் பார்த்தான். ஒரு உருண்டைத் தலை. காதோரம் ரெண்டு பக்கமும் பச்சைக் கோடுகள். நடுவில் ஒன்றுமில்லை. கொஞ்சம் யோசித்து, அப்புறம் சேர்த்தமாதிரி, நடு மண்டையிலும் ஒரே ஒரு பச்சைக் கோடு.

"அதுதான் எல்லாத்துலயும் பெரிய கிழங்கு" என்றாள் மைரே. "ஆழமா இருக்கணும்னு அதுல வச்சேன்."

ரோவன் பூட்ஸின் ஓரத்தில் சிந்தியிருந்த மண்ணை விரலால் தள்ளி உள்ளே போட்டான். மைரே அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் பச்சையை. அப்புறம், இன்னும் கூர்ந்து, கறுப்பை.

"ரோவன்," என்றாள், "அந்த இன்னொரு பூட்ஸையும் குடுப்பியா?"